தூக்கிவிட ஆளில்லாத இரும்பு

நான் இப்போது வாழும் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். நான் போய்வந்த ஜிம்மில் மட்டும் மழைக்கு முன்னால் கை வந்துவிடும். அயர்லாந்தின் மேற்குக் கரையில், பழைய மீன் கிடங்கு ஒன்றைக் கழுவிச் சுத்தம் செய்து எடை தூக்கும் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகும் முன் சிலர் அங்கே கூடுவோம். கண்ணாடிக்கு முன் நின்று, ஈரத் துணியை உதறுவதுபோலக் கையை உதறிக்கொண்டே, தூக்கத்தில் யாருடைய கை எவ்வளவு மரத்துப்போனது என்று பேசிக்கொள்வார்கள். ‘டெட் ஆர்ம்’ என்பார்கள், செத்த கை. தபால் வண்டி ஓட்டும் பிரெண்டா ஐம்பதைத் தாண்டியவர். மரத்துக் கிடந்த தன் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் யாரோ படுத்திருப்பதாக எண்ணிக் கத்திவிட்டாராம். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கை மரத்திருக்கிறது என்றால் முந்தைய நாள் நன்றாகத் தூக்கியிருக்கிறோம் என்று கணக்கு.

அந்தப் பெருமையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் உள்ள எங்கள் ஊரில், விடிந்ததும் பெண்கள் அடுப்புக்கு முன் குந்தி இதேபோலக் கையை உதறிக்கொண்டிருப்பார்கள். பலாவும் மிளகும் குச்சிக்கிழங்கும் விளையும் காடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. மினி லாரி வந்து நிற்கும் ரோடு மேட்டில் இருக்கிறது. நடுவில் ஒற்றையடிப் பாதை. விளைந்தது எல்லாம் தலையில் ஏறித்தான் மேட்டுக்கு வந்தாக வேண்டும். மூட்டையின் காதை இறுக்கிப் பிடித்த கை, ரோடு வரும்வரை கீழே இறங்காது. அந்தக் கைதான் இரவில் மரக்கும். காலையில் கை உதறாமல் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, “ஏன்டி, நேத்தெல்லாம் பாயத் தேச்சயா?” என்று மற்றவர்கள் வாரிவிடுவார்கள். அதை ஒரு நோய் என்று யாரும் நினைத்து நான் கண்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். செம்மேட்டில் விடுதியில் தங்கிப் பள்ளி முடித்து, நாமக்கல்லில் நர்சிங் படித்து, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள எனக்குத் தெரியாது. தாழ்த்திக்கொள்ளப் போவதும் இல்லை. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் என்னை ஒரு கட்டு விறகுகூடத் தூக்க விடமாட்டாள். தலையில் வைக்கத் துணியைச் சும்மாடாகச் சுருட்டினால், கையிலிருந்து பிடுங்கி எறிவாள். “இந்தத் தலைக்கு எழுத்து போதுங்கண்ணு” என்பாள். அவள் சோளக்காட்டுச் சந்தைக்குப் போன நாட்களில், “விடுதிக்காரி வந்துட்டா, நெழல்ல ஒக்கார வெய்யுங்கடி” என்று கேலி பேசிய என் வயதுப் பெண்களோடு சேர்ந்து பலாப்பழம் சுமந்து மேடேறியிருக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்தபின் அவர்கள் அப்படிப் பேசவில்லை.

அந்த முதுகும் கழுத்தும் இங்கே உதவின. ஜிம்மில் முதல் நாள் நான் இரும்பைத் தூக்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, பயிற்சியாளர் கானர் இதற்கு முன் எங்கே பயிற்சி எடுத்தேன் என்று கேட்டார். மலையில் என்றேன். “ஆ, ஹில் ட்ரெய்னிங்!” என்று மெச்சித் தலையாட்டினார். ஓட்டப் பந்தயக்காரர்கள் மலைச்சரிவில் ஓடிப் பழகுவதை அவர் நினைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் திருத்தவில்லை. முதியோர் இல்லத்தில் தமிழரசி என்ற என் பெயர் முதல் வாரத்திலேயே ‘டாமி’ ஆகிவிட்டிருந்தது. ஜிம்மிலோ, நான் தூக்கும் எடை கூடக்கூட, அந்த மனிதர்கள் என் பெயரை முழுதாகச் சொல்லப் பழகினார்கள். பிரெண்டா அந்த ‘ழ’வோடு மல்லுக்கட்டுவதைக் கேட்கவே நான் சீக்கிரம் போவேன். வசந்த காலத்தில் நடக்கும் வட்டாரப் போட்டிக்கு என் பெயரைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.

எனக்கும் கை மரக்கத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். வலது கை, சுண்டுவிரல் பக்கம். தலையணைக்கு அடியில் கையை மடக்கி வைத்துப் படுப்பது என் வழக்கம். விடுதியில் தலையணை இல்லாத காலத்தில் கைதான் தலையணை. தலையணை கிடைத்த பிறகும் கை அங்கேயே போய்ப் படுத்துக்கொள்ளும். மருத்துவரிடம் காட்டினேன். கம்பியை இறுக்கிப் பிடித்துச் சோர்ந்த கையை, இரவெல்லாம் முழங்கையில் மடக்கி மேலே தலையையும் வைத்தால் நரம்பு நசுங்காமல் என்ன செய்யும் என்றார். கையை நீட்டிப் படுக்கவும், சிறிது காலம் எடையைக் குறைக்கவும் சொன்னார். அப்படியே செய்தேன். சரியாகிவிட்டது. என் கையின் கதை அவ்வளவுதான்.

ஆனால் அது சரியாவதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

“எனக்கும் உன்ன மாதிரியே கை மரத்துப் போவுதும்மா.”

“உனக்கெதுக்குச் சாமி மரக்குது?” என்றாள்.

“வெயிட் தூக்கறம்மா.”

“நர்சு வேலைன்னு சொன்னியே.”

“நர்சு வேலைதான். இது வேற. காலைல போயி இரும்பு தூக்குவோம்.”

“தூக்கி எங்க கொண்டு போவீங்க?”

“எங்கயும் இல்ல. அங்கயே கீழ வெச்சுருவோம்.”

“அப்பறம்?”

“மறுக்காத் தூக்குவோம்.”

“எந்தக் கூறுகெட்டவன் இப்படி ஒரு வேல குடுத்தான் உனக்கு?”

நான் விளக்க விளக்க அவள் குரல் மங்கிக்கொண்டே போனது. நர்சு வேலை என்று பொய் சொல்லிவிட்டு அயல்நாட்டில் சுமை தூக்கிப் பிழைக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். நேரில் பார்த்தால் நம்புவாள் என்று, ஜிம்மில் எடுத்த ஒரு வீடியோவைப் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அத்தையின் போனுக்கு அனுப்பினேன். அதில் நான் நிறையத் தூக்குகிறேன். கானரும் பிரெண்டாவும் இன்னும் இரண்டு பேரும் என்னைச் சுற்றி நின்று கத்துகிறார்கள், கைதட்டுகிறார்கள். அம்மா பெருமைப்படுவாள் என்று மனதார நம்பினேன்.

மறுநாள் அத்தை வீடியோ காலில் வந்தார். “ஏங்கண்ணு, என்னத்த அனுப்பி வெச்ச? உங்கம்மா கஞ்சி தண்ணி இல்லாம அழுவறா.”

“ஏனுங்கத்தை? நல்லாத்தானுங்க தூக்கியிருக்கேன்?”

“நீ தூக்குன சரி. சுத்தி நாலு தடிமாடு நின்னு கை தட்டுதே, ஒண்ணாச்சும் ஒரு கை குடுத்துத் தூக்கி உட்டுச்சா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பாதைகளில் யாரும் தனியாகச் சுமை தூக்குவதில்லை. தூக்கிவிட ஒரு ஆள் வரும்வரை மூட்டையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். வழியில் போகிறவர் யாராக இருந்தாலும் நின்று, மறுபக்கம் பிடித்துத் தலையில் ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வரப்புத் தகராறில் வருடக்கணக்காகப் பேசாத குடும்பங்கள் உண்டு. அவர்களும் அந்த நேரத்துக்கு வாய் திறக்காமல் வந்து தூக்கிவிட்டு, திறக்காமலேயே போய்விடுவார்கள். ஒருத்தி குனிந்து சுமையைப் பிடித்திருக்க, பார்த்துக்கொண்டு நிற்பது அவளை மனுஷியாகவே மதிக்காததற்குச் சமம். என் அம்மா அந்த வீடியோவில் கண்டது அதைத்தான். இங்கே என்னைத் தொடாமல் சுற்றி நிற்பது மரியாதை. யாராவது கம்பியைத் தொட்டால் நான் தோற்றதாகிவிடும். ஒரே வீடியோவை இரண்டு நாட்டிலும் பார்த்தோம்.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அழுத கண் வீங்கியிருந்தது. “வந்துரு கண்ணு. இந்தக் கை உனக்கு வேண்டாமுன்னுதான உன்னப் படிக்க உட்டேன்?” என்று தன் வலது உள்ளங்கையை விரித்துத் திரைக்கு முன் நீட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் ஒரு சதைமேடு இருக்க வேண்டும். அவள் கையில் அந்த இடம் கரண்டிக் குழிபோல உள்ளே இறங்கியிருந்தது. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னேன். விரல் பாதி வழியிலேயே நின்றது.

“ஜாக்கெட் கொக்கி போட முடியுதாம்மா?”

“அதெல்லாம் போடுவேன்.”

“பொய்யி,” என்றார் பின்னாலிருந்து அத்தை. “நாந்தான் போட்டு உடறேன்.”

“சும்மா இருடி நீயி.”

மணிக்கட்டுக்குள் நரம்பு பல வருடங்களாக நசுங்கிக்கிடந்திருக்கிறது. என் கையைப்போல, படுக்கும் விதத்தை மாற்றினால் சரியாகிவிடக்கூடியது இல்லை இது. அறுத்து விடுவிக்காவிட்டால் மிச்சமிருக்கும் பிடியும் போய்விடும். நான் படித்தது எதுவும் அம்மாவிடம் செல்லவில்லை. “ஊருக்கே மரக்குது. காலைல ஒதறுனா வந்துரும்” என்றாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். கடைசியில் ஒரு பேரம் வைத்தாள்.

“நீ அந்த இரும்ப உடு. நா ஆஸ்பத்திரிக்கு வாரேன்.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“எனக்குச் சம்பந்தம் இருக்குது.”

ஒருத்தி பேச்சைக் கேட்டு நான் எதையும் விட்டவள் இல்லை. விட்டிருந்தால் பத்தாவதோடு கல்யாணம் ஆகியிருக்கும். சில நாள் பிடிவாதமாக ஜிம்முக்குப் போனேன். ஏமாற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். விட்டுவிட்டதாகச் சொன்னால் அங்கிருந்து யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் கம்பியைப் பிடித்துக் குனியும்போதெல்லாம் அந்தக் குழி விழுந்த கை முன்னே வந்தது. எனக்கு அந்தக் கூடம் எவ்வளவு முக்கியம் என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க என்னிடம் சொல் இல்லை. அவளுக்கு அது எவ்வளவு பயம் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. இரண்டில் காத்திருக்க முடியாதது அவள் கை.

இனி ஜிம்முக்கு வரப்போவதில்லை, போட்டியிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல கானரிடம் போனேன். கை இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டார். “என் கை இல்லை, என் அம்மாவின் கை” என்றேன். அதற்கு மேல் விளக்க ஆங்கிலம் வராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றி, என் கையைப் பிடித்து, “ஸாரி ஃபார் யுவர் ட்ரபிள்” என்றார். இந்த ஊரில் சாவு வீட்டில் சொல்லும் வார்த்தை அது. என் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பிரெண்டாவும் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன், பலாப்பழம் உட்பட. கானர், “நாங்கள் தூக்கிவிட்டிருக்க வேண்டுமா?” என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை.

அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பாப்பாத்தி அத்தை கூடப்போனார். சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, கையை மட்டும் அறுத்து, அன்றே அனுப்பிவிட்டார்கள். ராத்திரி மரப்பது நின்றுவிடும் என்று மருத்துவர் அத்தையின் போனில் என்னிடம் சொன்னார். கரைந்துபோன சதை திரும்புமா என்று கேட்டேன். முன்பே கொண்டுவந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அதன் பொருள் எனக்குத் தெரியும். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இனி மூட்டையின் காதை அந்தக் கை பிடிக்காது.

கட்டு அவிழ்க்காத அந்த நாட்களில் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரு காலை, இல்லத்தில் உடை மாற்றும் அறையில் நிற்கும்போது அத்தை ஒரு வீடியோ அனுப்பினார், யாரோ ஒரு சிறுமியிடம் போனைக் கொடுத்து எடுத்தது. அங்கே அப்போது மதியம். அம்மா சுவரில் சாய்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருக்கிறாள். அத்தை சாமைக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, உதட்டைக் குவித்து ஊதுகிறார். “போட்டோ புடிக்காதடி” என்று அம்மா முகத்தைத் திருப்புகிறாள்.

“வாயத் தொற. உம்மக அங்க வெள்ளக்காரிக்கு ஊட்டறா, நா இங்க உனக்கு ஊட்டறேன். மாத்திக்கலாமான்னு கேளு அவள.”

அம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்து, சிரித்து, வாயைத் திறந்தாள்.

போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வார்டுக்குள் போனேன். ஜன்னலோரக் கட்டிலில், கை நடுக்கத்தால் கரண்டி பிடிக்க முடியாத ஒரு மூதாட்டி எனக்காகக் காத்திருந்தார். ஓட்ஸ் கஞ்சியிலிருந்து ஆவி எழுந்தது. நோயாளியின் உணவை வாயால் ஊதக் கூடாது என்பது இங்கே விதி. கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, அது தானாக ஆறும்வரை நின்றேன். அவர் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தார்.