கும்மிருட்டுக் குமாரின் தொண்டை

போன கிழமை இந்தப் பக்கத்தில் என் பத்தி வரவில்லை. ‘இடநெருக்கடி காரணமாக’ என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். நல்ல மனிதர். உண்மை அதுவல்ல. எழுத உட்கார்ந்தேன்… வரவில்லை.

காரணம், அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் பண்டத்தரிப்புக்குப் போய்வந்ததுதான்.

கையில் நாலு அப்பிள், ஒரு பிஸ்கட் பெட்டி. வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற வழக்கமான சாமான்கள். படலையில் மலரக்கா நின்றார்.

“வாங்கோ தம்பி. உள்ளுக்கை இருக்கிறார். ஆனா அவரிட்டை ஒண்டும் கேட்டுக் கரைச்சல் குடுக்காதேங்கோ. அவருக்கு இனிக் கதைக்கேலாது.”

“எத்தினை நாளைக்கு அக்கா?” என்று கேட்டேன். என்ன கேள்வி இது! இனி என்றால் இனித்தான். மலரக்காவின் கணவருடைய குரல்வளையை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அவர் பெயர் தவநேசன். தெரியாதா? சரி, கும்மிருட்டுக் குமார் என்றால்?

இப்போது உங்களில் பாதிப்பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சனிக்கிழமை காலை பத்து மணி. வானொலியில் மரண அறிவித்தல் முடியும். யார் யார் போய்விட்டார்கள், எந்த மயானம், எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டு, அதே கதிரையில் அசையாமல் இருந்து சிரிக்கத் தயாராவோம். அடுத்த அரை மணி நேரம் கும்மிருட்டுக் குமாருடையது.

தவநேசன் நடித்த அந்தப் பகிடி நாடகத்தில் குமார் ஒரு டெத் மெட்டல் பாடகன். பாடுவதற்குப் பதிலாக உறுமுகிறார்களே, அந்தச் சங்கீதம். மேடையென்றால் கறுப்பு உடுப்பு, இடுப்புவரை தலைமயிர், முகத்தில் வெள்ளைப் பூச்சு எல்லாம் கைகொடுக்கும். வானொலியில் எது தெரியும்? முழுப் பாரமும் தவநேசனின் தொண்டைக்குத்தான். குமார் எங்கே போனாலும் உறுமலிலேயே கதைப்பான். சாவகச்சேரிச் சந்தையில் கத்தரிக்காய் கேட்பதும் உறுமல்தான். பெண்பார்க்கப் போன இடத்தில் “தேத்தண்ணிக்குச் சீனி காணாது” என்பதும் உறுமல்தான்.

ஒவ்வொரு கிழமையும் யாராவது ஒருவர் அவனிடம் அதே கேள்வியைக் கேட்பார்.

“தம்பி, தொண்டை கட்டிப்போச்சோ? ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டன்.”

“இது வருத்தமில்லை. இது கலை!” என்று உறுமுவான் குமார். அவ்வளவுதான். யாழ்ப்பாணம் சிரிக்கும். ரொறன்ரோ சிரிக்கும். சூரிச்சில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து ஒருவர் சிரிப்பார். எல்லாரும் ஒரு வட்ஸ்அப் குறூப்பில் இருந்தோம். கும்மிருட்டு ரசிகர் குறூப். அட்மின்… அடியேன்.

மெட்டல் என்றாலே நமக்குச் சிரிப்புத்தானே? சினிமாவில் ஒரு மெட்டல்காரன் வந்தால் கிற்றாரை உடைப்பான், அல்லது சாமியாரைக் கண்டு பயப்படுவான். விளம்பரத்தில் வந்தால் இருமல் மருந்து குடித்ததும் குயில்போலப் பாடுவான். நல்லூர்த் திருவிழாக் கடைகளில் மண்டையோட்டு டீசேர்ட் மூன்று வயதுப் பிள்ளையின் அளவிலும் கிடைக்கிறது. அதில் முள்வேலிபோலக் கிறுக்கியிருப்பது ஒரு இசைக்குழுவின் பெயர் என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. என் மருமகனின் ஓட்டோவின் பின்பக்கம் அப்படியொரு மண்டையோடு இருக்கிறது. பக்கத்திலேயே முருகனும் இருக்கிறார். அந்தச் சங்கீதத்தில் ஒரு பாட்டையாவது நான் முழுதாகக் கேட்டிருக்கிறேனா? இல்லை. சிரிப்பதற்கு அது தேவைப்படவில்லை.

எங்கள் குறூப்பில் உண்மையான மெட்டல்காரன் ஒருவன் இருந்தான். பெயர் ஜெறோம். குருநகர்க்காரன், முப்பது வயது தாண்டியவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கிழமை நாட்களில் தகப்பனோடு கடலுக்குப் போவான். ஞாயிறு காலையில் கோயில் பாட்டுக்குழுவில் பாடுவான். பின்னேரம் நண்பர்கள் மூவரோடு வலைகள் வைக்கிற கொட்டிலில் நின்று உறுமுவான். இதெல்லாம் இப்போது தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது அவனுடைய புரொபைல் படம் மட்டும்தான். வெள்ளைப் பூச்சு பூசிய முகம், கறுப்பு வளையமிட்ட கண், நெஞ்சில் மண்டையோடு.

ஒருநாள் அவன் குறூப்பில் ஒரு குரல்பதிவு போட்டான்.

“வணக்கம் அண்ணையாக்கள். நான் மெட்டல் பாடுறனான். நாங்கள் எவ்வளவு உறுமினாலும் பாட்டு முடிய எங்கடை சொந்தக் குரல் தெளிவா வரும். தவநேசன் அண்ணை நிகழ்ச்சி முடிவிலை தன்ரை குரலிலை வணக்கம் சொல்லுவாரெல்லோ, அதைக் கேட்டுப் பாருங்கோ. அதுவும் கரகரக்குது. ரெண்டு மாசமாக் கூடிக்கொண்டு வருது. ஆராவது அவரிட்டைச் சொல்லித் தொண்டையை ஒருக்காக் காட்டச் சொல்லுங்கோ.”

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குறூப் குலுங்கிச் சிரித்தது. நிகழ்ச்சியில் ஒவ்வொரு கிழமையும் வருகிற அதே வசனத்தை நிசமாகவே ஒருவன் வந்து சொல்கிறான்! “டொக்டர் மண்டையோடு வந்திட்டார்” என்று ஒருவர் எழுதினார். “குமாரிலை பொறாமை” என்றார் இன்னொருவர். தன் சங்கீதத்தைப் பகிடி பண்ணுகிறோம் என்ற கோபத்தில் இப்படிப் பழிவாங்குகிறான் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவன் விடவில்லை. அடுத்த சனியும் எழுதினான். அதற்கடுத்த சனி கொஞ்சம் சூடாகவே எழுதினான். “சிரிக்கிறதை விட்டிட்டு ஒருக்காக் காதாலை கேளுங்கோ.”

அன்றைக்கே அவனைக் குறூப்பை விட்டு நீக்கினேன். ‘கலகலப்பைக் கெடுப்பவர்களுக்கு இங்கே இடமில்லை’ என்று ஒரு வரியும் போட்டேன். எத்தனை பேர் கட்டைவிரல் காட்டினார்கள்! எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதோடு விட்டேனா? பத்தி எழுதுகிறவனுக்கு இப்படியொரு சம்பவம் சும்மா கிடைக்குமா? ஏழெட்டு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் எழுதினேன். சிலருக்கு நினைவிருக்கும். நிசமான மெட்டல் பாடகன் ஒருவன் கும்மிருட்டுக் குமாரின் உறுமலைக் கேட்டு, தொண்டை வருத்தம் என்று நம்பிப் பதறிப்போனான் என்று. கலைஞனுக்கு இதைவிட வேறென்ன விருது வேண்டும் என்று முடித்திருந்தேன். நல்ல வரவேற்பு. பஸ்ஸில்கூட ஒருவர் நிறுத்திப் பாராட்டினார்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அவருடைய சொந்தக் குரலும் கரகரக்கிறது என்று ஜெறோம் சொன்னதை எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. அதைச் சேர்த்தால் பகிடி எடுபடாது.

பிறகு குமாரின் நிகழ்ச்சி நின்றுபோனது. பழைய பகுதிகளையே திருப்பிப் போட்டார்கள். நம்முடைய ஊரில் ஒரு ஆளைக் கனநாள் காணவில்லை என்றால் என்ன நினைப்போம்? வெளிநாடு போய்விட்டார் என்றுதானே. குறூப்பிலும் அப்படித்தான் கதை. ‘கனடாக் குளிரில் குமார் உறுமுகிறான்’ என்று படம் கீறிப் போட்டவர்களும் உண்டு. பண்டத்தரிப்பில் இருக்கிற என் பழைய மாணவன் ஒருவன் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

உள்ளே போனேன். தவநேசன் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கழுத்தில் சின்னத் துணி, அதன் கீழே மூச்சுக்கென்று விட்ட துவாரம். மடியில் ஒரு அப்பியாசக் கொப்பி. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். நான் தடுத்து இருத்தினேன்.

புற்றுநோய். உறுமியதால் வந்தது அல்ல என்று டொக்டர் சொன்னாராம். ஆனால் உறுமலுக்குள் ஒளித்துக்கொண்டது. முதலே வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னாராம். அந்த ரிப்போர்ட்டைக் காட்டத்தான் மலரக்கா கிளினிக் பைலை எடுத்துவந்தார். முதல் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், என் பத்தி.

“இதை எங்கை போனாலும் கொண்டு திரிவார் தம்பி. குரல் மாறுது, காட்டுங்கோ காட்டுங்கோ எண்டு நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தனான். அவரும் போவம் எண்டுதான் சொன்னவர். அந்தக் கிழமைதான் உங்கடை இது பேப்பரிலை வந்தது. ‘பார், மெட்டல்காரனே ஏமாந்துபோனான். இது நடிப்பிலை வாற கரகரப்பு. நீயும் அவனை மாதிரித்தான் பயப்பிடுறாய்’ எண்டு சிரிச்சுப்போட்டு இருந்திட்டார். பிறகு விழுங்கேலாமல் வரேக்கைதான் போனது.”

நான் பைலை மூடி அவரிடமே நீட்டினேன்.

“உங்களைக் குறை சொல்லேல்லைத் தம்பி. நீங்கள் நல்லதைத்தானே எழுதினீங்கள்?”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. போனை எடுத்தேன். ஜெறோமின் குரல்பதிவு இன்னும் இருந்தது. “அந்த மெட்டல்காரன் உண்மையிலை சொன்னது இது. நான் முழுக்க எழுதேல்லை அண்ணை” என்று சொல்லிவிட்டு அதைப் போட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொருமுறை போடச்சொல்லி விரலால் காட்டினார். போட்டேன். மலரக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் போனார். தவநேசன் கொப்பியை விரித்து எழுதினார்.

‘அவனுக்குக் காது இருக்கு. கூட்டிக்கொண்டு வாங்கோ.’

என்னைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. எழுதுவார் என்று காத்திருந்தேன். கொப்பியை மூடிவிட்டார்.

ஜெறோமுக்குப் போன் எடுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. வெட்கம். மன்னிப்புக் கேட்க ஒரு பெரிய வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் அதைச் சொல்லவே விடவில்லை.

“அதை விடுங்கோ அண்ணை. அவர் எப்பிடி இருக்கிறார்?”

சொன்னேன்.

“பிழை விட்டிட்டன் அண்ணை. குறூப்பிலை எழுதிப்போட்டு இருந்திட்டன். நான் நேரை அவரின்ரை வீட்டை போயிருக்கவேணும்.”

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது! அந்தக் குறூப்பில் பிழை விடாத ஒரே ஆள், அதைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான்.

நேற்று முன்தினம் இருவரும் போனோம். ஜெறோம் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் வந்தான். அதே கறுப்பு டீசேர்ட், அதே மண்டையோடு. கையில் ஒரு பை விளைமீன். மலரக்கா ஒரு கணம் திகைத்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார்.

தவநேசன் அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். பிறகு கொப்பியில் எழுதி நீட்டினார்.

‘உண்மையைச் சொல்லும். என்ரை உறுமல் எப்பிடி?’

நான் ஜெறோமைப் பார்த்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லு என்று கண்ணால் கெஞ்சினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“படுமோசம் அண்ணை. வயித்தாலை காத்தைத் தள்ளவேணும். நீங்கள் தொண்டையை இறுக்கி, மலச்சிக்கல்காரன் மாதிரியெல்லோ முக்கினீங்கள்!”

தவநேசன் தலையைக் குனிந்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சத்தமே இல்லை. தட்டோடு வந்த மலரக்கா பதறிப்போய் நின்றார்.

“ஐயோ, என்னப்பா? ஏன் அழுறியள்?”

எனக்கும் தெரியவில்லை. அவருடைய சிரிப்பில் வருடக்கணக்காகக் குளிர்காய்ந்தவன் நான், ரசிகர்களுக்கே அட்மின். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

“இல்லையக்கா, சிரிக்கிறார்” என்றான் ஜெறோம்.

இந்தமுறை அவன் சொன்னதை நம்பினேன்.