தனித்தனி மாடியில் ஒரு தேனிலவு

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஆள் அனுப்பும் தொழிலில், விமானம் ஏறும் வரைதான் அவர்கள் வாடிக்கையாளர்கள்; இறங்கிய பிறகு நம் வீட்டுப் பிள்ளைகள். என்னைப் போல் டிராவல்ஸ் வைத்துவிட்டு, போன் அடித்தாலே பதறி எடுக்கிறவர்களுக்கு இது புரியும்.

எட்டுக் கட்டில்

செந்திலுக்கும் ரேவதிக்கும் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். பத்தாம் நாள், தேனிலவுக்கு வெளிநாடு போக, ஒத்தக்கடையில் என் ஆபீசுக்கு வந்தார்கள். செந்தில் டைல்ஸ் கடை சூப்பர்வைசர். எது கேட்டாலும் தலையாட்டுவார், வாய் திறக்க மாட்டார். கோலாலம்பூரில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹாஸ்டல் இருக்கிறது, சிக்கனம், ஒரே அறையில் எட்டுக் கட்டில், நாலு நாட்டு ஆட்களோடு பழகலாம் என்று விளக்கினேன். செந்தில் தலையாட்டினார். ரேவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, ஹாஸ்டல்ல இருந்து தப்பிக்கத்தான் நான் கல்யாணத்துக்கே சரின்னேன்."

மூணாவது மாடி

எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்தேன். ஆனால் புக்கிங்கில் இருபாலரும் தங்கும் அறையைக் குறிப்பதற்குப் பதிலாக, ஆண்கள் அறையில் ஒரு கட்டில், பெண்கள் அறையில் ஒரு கட்டில் என்று குறித்துத் தொலைத்திருக்கிறேன். அவர்கள் போய் இறங்கிய அன்று காலை போன் வந்தது. செந்தில் என்னிடம் முதன்முதலாகப் பேசிய முழு வாக்கியங்கள் இவைதான்:

"அண்ணே, எம் பொண்டாட்டி மூணாவது மாடிக்குப் போயிட்டா. என்னைய மேல ஏற விட மாட்டேங்கிறாக."

மாப்பிள்ளை இல்லாத போட்டோ

ஹாஸ்டலைக் கூப்பிட்டேன். சேர்ந்து தங்கும் அறை மூன்றாம் நாள்தான் காலியாகுமாம். வேறு இடம் தேடிக்கொண்டிருந்தபோதே, மறுநாள் மதியம் ரேவதியின் அப்பா சமயநல்லூரிலிருந்து வந்துவிட்டார். மகள் வைத்த ஸ்டேட்டஸ் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ரேவதியும் ஐந்து வெள்ளைக்காரப் பெண்களும் சிரிக்கிறார்கள். ஒரு படத்திலும் மாப்பிள்ளை இல்லை. பெண்ணை விட்டுவிட்டு ஓடிவிட்டானோ என்று அவருக்குப் பயம். நடந்ததைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"மண்டபத்துலதான் தம்பி பொண்ணுக்கு ஒரு ரூம், மாப்பிள்ளைக்கு ஒரு ரூம். அது முடிஞ்சு இருபது நாளாச்சே."

ஸ்பீக்கரில்

உடனே இருவரையும் ஊருக்கு வரச் சொல்லுங்கள் என்றார். அவர் எதிரிலேயே ரேவதிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். வேறு ஓட்டல் கிடைத்துவிட்டது, சாயங்காலமே மாறிவிடலாம் என்றேன். அப்பா இருப்பது தெரியாமல், மெதுவான குரலில் சொன்னாள்:

"மாத்த வேணாம்ணே. கீழ இருந்து நேத்து முழுக்க போன்ல பேசிக்கிட்டே இருந்தாரு. கல்யாணமானதுல இருந்து இம்புட்டுப் பேசுனதே இல்ல."

அவள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புகார்

மூன்றாம் நாள் அறை காலியானது. இருவரையும் சேர்த்து எட்டுக் கட்டில் அறையில் போட்டார்கள். அப்பாடா என்று இருந்தேன். அடுத்த நாளே ஹாஸ்டல் வரவேற்பிலிருந்து போன். அந்த ஊர்த் தமிழ்ப் பெண், அங்கே பேச்சில் ஒட்டும் 'லா'வோடு மரியாதையாகவே கேட்டாள்:

"இவங்க ரெண்டு பேரையும் பழையபடி பிரிச்சுப் போடலாமா லா? ஓயாம பேசுறாங்க, மத்த ஆறு பேரும் ரூம் மாத்திக் கேக்குறாங்க."

இத்தனை வருடத்தில் நான் சரியாகப் போட்டுக் கொடுத்த புக்கிங்குகளுக்கு ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. தப்பாகப் போட்ட இந்த ஒன்றுக்குத்தான், இருவரும் ஊர் திரும்பியதும், அழகர்கோவில் தோசைப் பிரசாதம் அவர்கள் கையாலேயே வீடு தேடி வந்தது.