பூசணிக்காய்க்கு ஒரு முழுக்கு

மாசி மாதக் கடைசியில், கோடை இறங்குகிற நேரத்தில், சிட்னியிலிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம் போனால் ஒரு சிற்றூரில் விவசாயக் கண்காட்சி நடக்கும். இங்கே எல்லாரும் அதை ஷோ என்றுதான் சொல்வார்கள். மாடும் ஆடும் கோழியும் குளித்து வெளிக்கிட்டு வந்து நிற்கும். ஒரு பெரிய கொட்டகைக்குள் காய்கறி, ஜாம், கேக் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். நடுவர் பார்த்துப் பரிசு கொடுப்பார். போன வருசம் கோயில் ஆட்களோடு பஸ்ஸில் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வந்தோம். அப்போது பூசணிக்காய் வரிசைக்கு முன்னால் என் மனிசி கனநேரம் நின்றாள்.

"இதுக்கோ பரிசு குடுத்தவை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பஸ் வெளிக்கிட்ட பிறகு, "என்ரை கையாலை நட்டால் இதைவிடத் திறமாய் வரும்" என்றாள்.

சிட்னி டூங்கபியில் எங்கள் வீட்டு ஹோலுக்குள் வந்தவர்களுக்குத் தெரியும், சுவர் முழுக்கப் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படமும் சான்றிதழும்தான். இவளின் பெயரில் ஒரு கடதாசி இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஊர் ஊராய் இடம்பெயர்ந்தவள். இங்கே வந்து பேக்கரி ஒன்றில் பாண் பொதி செய்தே காலம் போனது. அந்தச் சுவரைத் தூசு தட்டுகிறவளும் அவள்தான்.

"முதலாம் பரிசு எனக்கு வேண்டாம். என்ரை பேர் போட்டு ஒரு அட்டை தந்தாக் காணும்" என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்க்கத் தெரிந்தது.

உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில் விதை போட்டாள். கொடி கராஜ் கூரைவரை ஏறியது. அதில் ஒரு காயை மட்டும் தெரிந்தெடுத்து, அடியில் வைக்கோல் பரப்பி, வெயிலுக்கு என் பழைய வேட்டியால் பந்தல் போட்டாள். காலையில் பிள்ளையாருக்கு விளக்கு வைத்த கையோடு போய்ப் பூசணியைப் பார்ப்பாள். "எனக்குத் தேத்தண்ணி?" என்று கேட்டால், "பொறுங்கோ, அதுக்குத் தண்ணி விட்டுட்டு வாறன்" என்பாள்.

ஷோ அன்று விடிய, காயைச் சாமி அறையிலிருந்து பிள்ளை தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்த்தால் நடுவிலே வட்டமாய்ச் சந்தனப் பொட்டு, அதற்குமேல் குங்குமம்.

"என்னப்பா இது?"

"எத்தினை பேற்றை கண் படப்போகுது. வெறுமையாய்க் கொண்டு போறதோ?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. காரின் பின் சீற்றில் வைத்து பெல்ட் போட்டேன். அவளும் முன்னுக்கு ஏறாமல் அதற்குப் பக்கத்திலே இருந்து வந்தாள்.

கொட்டகையில் பொறுப்பாக நின்றவர் ஏப்ரன் கட்டிய ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. காயைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு பொட்டைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். வடிவான அடையாளம்தான், ஆனால் காயில் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது, யாருடைய காய் என்று நடுவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி, துடைத்துவிட்டால் போதும் என்றார். கையில் ஒரு ஈரத்துணியையும் தந்தார். நடுவர் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

நான் தமிழில் சொன்னேன். அவள் துணியைத் தொடவேயில்லை.

"வைச்ச பொட்டை நான் அழிக்கிறதோ? நீங்கள் உயிரோடை நிக்கேக்கை?"

"காயிலை உள்ள பொட்டுத்தானே."

"சாமிக்கு முன்னாலை வைச்ச பொட்டு. எனக்கு ஏலாது. நீங்களும் தொடாதேங்கோ. தூக்குங்கோ, வீட்டை போவம்."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். சேலைத் தலைப்பு முகத்துக்குப் போனது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, தான் ஏதோ பிழை விட்டதாக நினைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவிலே நின்றேன். பிள்ளையாரே, நீர்தான் ஒரு வழி காட்டவேணும் என்று மனசுக்குள் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என் தொண்டு. பூசை செய்கிற ஐயா முந்தின நாள் சாத்திய சந்தனம் எல்லாம் அந்தத் தண்ணீரோடு தானாக இறங்கும். அதை அழித்தது என்று யாரும் சொல்வதில்லை. அது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்தது.

"இஞ்சை பாரும். நாங்கள் அழிக்க வேண்டாம். முழுக வார்ப்பம்."

அவள் திரும்பினாள். "என்ன?"

"அபிஷேகத்திலை பிள்ளையாற்றை பொட்டுப் போறேல்லையோ? ஐயா துணியாலை துடைக்கிறவரோ? தண்ணி வாக்க அது தன்பாட்டிலை போகுது."

கொஞ்சம் யோசித்தாள். "தேவாரம் பாடுவியளோ?"

"ஓம், பாடுறன்."

பைப் இருந்தது மாடு குளிப்பாட்டுகிற இடத்தில் மட்டும்தான். அங்கே பெரிய தொப்பி போட்ட ஒருவர் ஒரு கறுத்தப் பசுவுக்கு சாம்பு போட்டுத் தேய்த்துக்கொண்டு நின்றார். நிலமெல்லாம் சாணி. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"பசுச் சாணிதானே. கோயிலிலை இதைத்தானே தேடித் திரியிறனாங்கள்" என்றேன்.

"சாம்பு மணக்குது."

"மாடும் பரிசு எடுக்க வந்திருக்குது. உம்மை மாதிரித்தான்."

அப்போதுதான் சிரித்தாள்.

தொப்பிக்காரரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலிசில், இது கடவுளுக்குக் காட்டின காய், இதற்கு ஒரு முழுக்கு வேண்டும் என்று கேட்டேன். அவர் காயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தண்ணீரின் வேகத்தைக் குறைத்துக் குழாயை என்னிடம் தந்தார். அவள் காயைக் கவிழ்த்த வாளியின்மேல் வைத்துக் கைகூப்பினாள். நான் தேவாரம் பாடிக்கொண்டு மேலிருந்து மெல்ல வார்த்தேன். சந்தனம் மஞ்சளாய்க் கரைந்தது, குங்குமம் ஒரு கோடாய் ஓடி இறங்கியது. பாட்டு முடிந்தது. நிமிர்ந்தால் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பசுவும் அசையவில்லை.

சேலைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றி எடுத்துக்கொண்டு ஓடினோம். காயில் பொட்டு இருந்த இடம் கொஞ்சம் மினுங்கியதே தவிர வேறொன்றும் தெரியவில்லை. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சரி என்று மேசையில் வைத்தார். பெயர் எழுதிய அட்டையைப் பெயர் தெரியாமல் மடித்துப் பக்கத்தில் வைத்தார். கதவைச் சாத்தினார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஷோ முழுக்கச் சுற்றினோம். என்ன பார்த்தோம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மரக்குற்றியைக் கோடாலியால் வெட்டுகிற போட்டிக்குச் சனம் கைதட்டும்போது, "நடுவர் வந்திருப்பாரோ?" என்றாள். காலிலும் இறகு முளைத்த ஒரு கோழியைக் காட்டினேன். "பாவம், இந்த வெயிலுக்கு" என்றுவிட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். கொண்டு போன புட்டில் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

கதவு திறந்ததும் முதல் ஆளாய்ப் போனாள். நான் சனத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போய்ச் சேர்ந்தபோது, அட்டை விரித்து நிமிர்த்தி வைத்திருந்தது. அவளின் முழுப்பெயர். அதற்கு மேல் சிவப்பு ரிபன், இரண்டாம் பரிசு.

அவள் பெயரை விரலால் ஒவ்வொரு எழுத்தாய்த் தொட்டாள். நான், முருகா என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து நீல ரிபன் கட்டிய முதலாம் பரிசுக் காய்க்குக் கிட்டப் போனாள். சுற்றிவரப் பார்த்துவிட்டு, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"தண்ணிக்காய். கறிக்கு உதவாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தொப்பிக்காரர். தன் பசுவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையாம், எங்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வந்தாராம். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். முதலாம் பரிசுக் காய் நல்ல பாரம் என்கிறாள் என்றேன். அதுவும் பொய்யில்லை, தண்ணீர் பாரம்தானே. அவர் எங்கள் காயைக் காட்டி அங்கே நின்ற இரண்டு பெண்களுக்கு, காலையில் நடந்ததைக் கையால் தண்ணீர் வார்த்துக் காட்டி விவரித்தார். அவர்கள் என்னை விட்டுவிட்டு நேரே அவளிடம் போனார்கள், எப்படி வளர்த்தாய் என்று.

அப்போது என் போன் அடித்தது. மகள்.

"அப்பா, நான் வீட்டை வந்து நிக்கிறன். ஒருத்தரும் இல்லை, சாப்பாடும் இல்லை. அம்மா எங்க? அம்மாட்டைக் குடுங்கோ."

நான் போனை நீட்டினேன். மற்ற நாளென்றால் மகளின் சத்தம் கேட்டதும் பாய்ந்து வாங்குகிறவள், திரும்பியும் பார்க்காமல் கையால் மறித்தாள்.

"பிறகு எடுக்கச் சொல்லுங்கோ. ஆக்கள் வந்து கேட்டுக்கொண்டு நிக்கினம்" என்றுவிட்டு, அந்தப் பெண்களிடம் திரும்பி, "நோ ஸ்பிரே. ஒன்லி கவ் டங், வாட்டர், அண்ட் பிரேயர். எவ்ரி மோர்னிங்" என்றாள்.