ஒரே பையில் தராதவர்

ஜபருல்லா பாய் இறந்த செய்தி எனக்கு ஒரு காலி பாட்டிலோடு வந்தது. சோப் ஆயில் வாங்கப் போன, என்னிடம் வேலை செய்யும் செல்வி, கொண்டுபோன பாட்டிலை அப்படியே கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தாள். "பாய் கட மூடிகீதுக்கா. பாய் பூட்டாராம். காலைல நெஞ்சு வலின்னாராம், ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள பூட்டாராம்" என்றாள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பரிமாறி முடித்து, பாத்திரங்களைக் கழுவப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். வேலையைப் பாதியில் விட்டு வந்தால் அவருக்குப் பிடிக்காது.

விம்கோ நகரில் ஒரு கம்பெனிக்கு நான் கேன்டீன் நடத்துகிறேன். அதே தெருமுனையில் பாய் பினாயில், ஆசிட், சோப் ஆயில், பிளீச்சிங் பவுடர் எல்லாம் சில்லறையில் விற்றார். அந்தக் கடையில் நின்று திட்டு வாங்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. இனிமையான மனிதர் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

"கறை இன்னான்னு சொல்லு, அப்பால பாட்டில நீட்டு" என்பார். மீன் வறுத்து வறுத்து அடுப்புச் சுவரில் ஏறிய பிசுக்கு என்றால் வெந்நீரும் சலவைச் சோடாவும். போர் தண்ணீரின் உப்பு டைல்ஸில் படிந்திருந்தால் ஆசிட், அதுவும் தண்ணீரில் கலந்து. குளிர்பான பாட்டில் கொண்டுபோனால் ஆசிட் கிடையாது, பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும் என்று விரட்டுவார். ஒருமுறை ஒரு பெண் மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தாள். "இதுக்கு எங்கைல மருந்து இல்ல. கழுவிட்டு வெயில்ல கவுத்து வை" என்று அனுப்பிவிட்டார்.

"கடை வெச்சது விக்கவா, வெரட்டவா பாய்?" என்று கேட்டேன்.

"வெயிலு நான் வாங்கி விக்கிற சரக்கு இல்லியேம்மா" என்றார்.

அந்தக் கடைக்குப் போனவர்களுக்கு அவருடைய இன்னொரு பழக்கமும் நினைவிருக்கும். சோப் ஆயிலையோ பினாயிலையோ ஊற்றிவிட்டு, மூடுவதற்கு முன் நம் பக்கம் நீட்டுவார். "மோந்து சொல்லு, இன்னா வாசன?" எலுமிச்சை என்றால் எலுமிச்சை என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை மூடி போட மாட்டார். கிழவருக்குக் குசும்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நம் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியில் மெஷின் கழுவும் சரக்கை வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்து வருவார்கள். கடைச் சரக்கைவிட வீரியம் அதிகம் என்று அதில் ஒரு பெருமை. செல்வியின் வீட்டுக்காரர் அப்படிக் கொண்டுவந்த காஸ்டிக் சோடாவை, அடிபிடித்த என் அலுமினியக் குண்டானில் அவள் கரைத்து ஊற்றிவிட்டாள். அடுப்பே இல்லாமல் அது கொதித்தது. கழுவிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்கக் கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. வேலை போய்விடும் என்று செல்வி அழுதாள். குண்டானைத் தூக்கிக்கொண்டு இருவரும் பாயிடம் போனோம்.

"அடிபுடிச்சத மட்டும் துன்னும்னு நென்ச்சியா? அலுமினியத்தையும் சேத்துத் துன்னும்" என்றார் செல்வியிடம். பிறகு அவள் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை தப்பிச்சுது. குண்டான் போனா போவுது, அழுவாத." நன்றாக அலசிவிட்டுப் புளித்தண்ணீரைக் கொதிக்கவிடச் சொன்னார். கறுப்பு போய்விட்டது. குழி குழியான தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் குண்டானில் இப்போது காய் கழுவுகிறோம்.

அவரிடம் யாருக்கும் பிடிக்காத சட்டம் ஒன்று இருந்தது. ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குத் தர மாட்டார். "எது அவசரம்? அத்த எட்த்துகினு போ. இன்னொன்னு நாளைக்கி." எதிர்ச் சாரியில் புதுக் கடை வந்து, போகிக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு செட்டாக விற்றது. ஜனம் ரோட்டைத் தாண்டியது. பாய் கடையில் ஈ ஓட்டும் நிலைமை. மகன் அன்வர் என் எதிரிலேயே கத்தினான். "ஊரே அங்க போவுது. கடைய இழுத்து மூடணுமா அத்தா?"

"மூடுனா மூடுவோம். எங்கைலேந்து ரெண்டும் ஒன்னாப் போவாது."

இந்த மனுஷனோடு பேஜார் என்று நானும் அன்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

துக்கம் கேட்கப் போன அன்று, உள்ளறையில் அவர் மனைவி மெஹ்ருன்னிசா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூச்சு இழுப்பு உண்டு என்பது தெருவுக்கே தெரியும். பிறவியிலேயே வந்தது என்று நினைத்திருந்தோம். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னார்.

"பெருநாளுக்கு வூடு கழுவுனேன். ஆசிடு, பவுடரு ரெண்டும் கட சரக்கு. ஒன்னா ஊத்துனா சீக்கிரம் வெளுக்கும்னு அடுப்படில ஊத்திட்டேன். பொகை கெளம்பிச்சி, வுழுந்துட்டேன். அன்வரு தொட்டில்ல கெடந்தான். மொதல்ல இவன தூக்கினு போய் வெளிய வெச்சிட்டு, திரும்பி வந்து என்ன இழுத்தாரு. எனக்கு மூச்சு இப்டி ஆச்சு. அவருக்கு மூக்கு செத்துப்போச்சு. அதுக்கப்பறம் ஒரு வாசனையும் தெரியாது. புள்ளைக்கு மட்டும் சொல்லாத, பெத்தவ மேல கோவம் வரும்னாரு."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அன்வர் நின்றிருந்தான். இத்தனை வருஷமாக இழுப்போடு பார்த்த அம்மாவை, அப்போதுதான் பார்ப்பவன் போலப் பார்த்தான். நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடை மறுபடி திறந்ததும் போனேன். டைல்ஸுக்கு ஆசிட், தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர், பாத்திரத்துக்குச் சோப் ஆயில் என்று மூன்றையும் வேண்டுமென்றேதான் கேட்டேன். அன்வர் சோப் ஆயிலை ஊற்றினான். அடுத்த தட்டுக்குப் போன கை நின்றது.

"எது அவசரம் ஆன்ட்டி?"

"ஆசிட்."

"அப்போ பவுடரு நாளைக்கி வாங்க."

எதிர்க் கடையில் இன்றைக்கும் கூட்டம்தான். நான் இரண்டு நடை நடக்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. பாயிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தத் தழும்புக் குண்டானும் ஒரு பழக்கமும். அன்வருக்கு மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சோப் ஆயிலை அவன் என் பக்கம் நீட்டவில்லை. நானே பாட்டிலை வாங்கி, மூடும் முன் மோந்து, வாய்விட்டுச் சொன்னேன்.

"எலுமிச்சைதான் பாய்."