நூல் சுற்றிய பக்கங்கள்

காட்டுப்பாளையத்துப் புராணப் புத்தகத்தில் பன்னிரண்டு பக்கங்களை மட்டும் சேர்த்து மஞ்சள் நூலால் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு நகரம் அழியும் படலம் அது. மழை பொய்த்த வருஷங்களில் கோயில் முன்னால் புராணம் படிப்பார்கள். படிப்பவன் அந்த இடத்துக்கு வந்தால் கட்டோடு புரட்டிவிட்டு அடுத்த படலத்துக்குப் போய்விட வேண்டும். ஊர் எல்லைக்குள் அதை வாய்விட்டுப் படிக்கக் கூடாது.

ஊருக்குப் புராணம் படிக்கும் செங்கோடன் அதை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் படித்தான். சோளக்காட்டில் உட்கார்ந்து நூலை அவிழ்ப்பான், படிப்பான், பழையபடி சுற்றி வைப்பான். இருபது வருஷமாக இப்படித்தான். அவனுக்குப் பக்தி அவ்வளவாகக் கிடையாது. சேலத்து மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில் சாக்கின்மேல் எழுதிய பெயர்களைப் பார்த்து எழுத்துக் கற்றவன். சாக்கில் மிளகாய் என்று எழுதியிருந்தால் உள்ளே மிளகாய் இருக்கும். புத்தகத்தில் எழுதியிருப்பதோ ஒன்றுமில்லாத இடத்தில் வந்து நிற்கிறது. அந்த அதிசயம் அவனுக்குத் தீரவே இல்லை.

அழிவுக்கு முந்தின நாள் அந்த நகரத்தில் காற்றில்லாமல் தீபங்கள் சாய்ந்தன. எலிகள் உச்சி வெயிலில் தெருவுக்கு வந்து, கள் குடித்தவனைப் போல, சுவரைத் தேடித் தேடி நடந்தன.

"சுவரு பக்கத்துலயே இருக்குது, அதுக்குத் தெரியல பாரு" என்று மனைவி பாவாயியிடம் சொல்வான். "பாட்டுக் கட்டினவன் எங்க பாத்திருப்பான்? எல்லாம் பொய்யி. ஆனா எப்பேர்ப்பட்ட பொய்யி."

"நம்மூட்டு எலிக்குச் சுவரு நல்லாத் தெரியுதுங்க. குதிருக்குப் பின்னால நேத்துக்கூட ஓட்டை போட்டிருக்குது" என்பாள் அவள்.

பிரஜோற்பத்தி வருஷம் ஆடி முடிந்தும் ஒரு சொட்டு விழவில்லை. ஊர்ப் பெரியதனக்காரர் வெங்கடாசலம் பதினாறு நாள் புராணத்துக்குக் காப்புக் கட்டினார். காப்பு அவிழ்க்கும்வரை யாரும் எல்லையைத் தாண்டிப் படுக்கக் கூடாது. மீறினால் மழை திரும்பிப் போய்விடும்.

ஏழாம் நாள் மத்தியானம் செங்கோடன் சாப்பிட்டுக் கொண்டிருந்தான். குதிரின் நிழலிலிருந்து ஒரு எலி வெயிலுக்கு வந்தது. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவன் காலில் முட்டி நின்றது, பயப்படவில்லை. திரும்பிச் சுவரைத் தேடியது. சுவர் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தான். பாட்டுக் கட்டினவன் பொய் சொல்லவில்லை. பார்த்திருக்கிறான்.

வெங்கடாசலம் களத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக் கொண்டிருந்தார். செங்கோடன் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"எலி செத்து உழுந்துதா?"

"உழுகலீங்க. நடக்குதுங்க."

"நடக்கற எலிக்கு ஊரைக் காலி பண்ணச் சொல்றயா? உழுந்தாச் சொல்லு, அது பிளேக்கு. நடந்தா அது எலி."

"உழுகற வரைக்கும் இருந்தா நாமளும் உழுந்துருவமுங்க."

"இன்னும் ஒம்பது நாளு. காப்பை அறுத்துப் போட்டு மழை போச்சுன்னா நீயா சோறு போடுவே? போ சாமி. பொழுதோட வந்து படி."

பொழுது சாயும்போது ஊர் கூடியது. செங்கோடன் புத்தகத்தை எடுத்தான். இனி அவனைப் படிக்கக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மஞ்சள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"டேய்" என்றார் வெங்கடாசலம்.

அவன் நிறுத்தவில்லை. தீபம் சாய்வதைப் படித்தான். எலிகளைப் படித்தான். பொருள் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. தலை தொங்குவதை, கால் பின்னுவதை, சுவரைத் தேடுவதை, கேட்பவர்களின் அடுப்படியில் நடப்பதைப் போல மெதுவாகச் சொன்னான்.

கடைசி வரிசையில் இருந்த கந்தம்மாள் என்ற விதவை வாய் திறந்தாள். "எங்கூட்டு அடுப்புக்கிட்ட காத்தால ஒண்ணு அப்படித்தான் போச்சு. நாந்தான் வெளக்குமாத்தால தள்ளிவுட்டேன்."

"எங்கூட்டுலயும்" என்றான் ஒருவன். பிறகு இன்னொருவன். எல்லாரும் பார்த்திருந்தார்கள். என்ன பார்த்தோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

விடிவதற்குள் வண்டிகள் எல்லையைத் தாண்டின. காட்டில் சோளத்தட்டுக் குடிசைகள் எழுந்தன. காப்பைக் காக்க வெங்கடாசலத்தின் வீட்டாரும் இன்னும் ஆறு குடும்பங்களும் ஊரிலேயே தங்கின. நான்காம் நாள் அங்கே கூரையிலிருந்து எலிகள் விழத் தொடங்கின. பத்து நாளில் பதினோரு பேர் செத்தார்கள். முதலில் செத்தவர் வெங்கடாசலம்.

மழை வரவில்லை.

தை பிறந்து ஊர் திரும்பியபோது ஒரே பேச்சாக இருந்தது. "எல்லைக்குள்ள படிச்சான், அதான் வந்துது." கந்தம்மாளும் அதையே சொன்னாள். புத்தகத்தைக் கோயிலில் வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அதைச் செங்கோடனின் கையில் கொடுத்து, இரண்டும் எல்லைக்கு வெளியே இருக்கட்டும் என்றார்கள்.

எலி நடந்தது மத்தியானம், படித்தது சாயங்காலம் என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருஷமாகப் புத்தகத்து எலிகளை ஆசையோடு பார்த்துக் கொண்டிருந்தவன் அவன்தான். அந்த ஆசைதான் அவற்றை வரவழைத்ததோ என்ற கணக்கை யாரிடம் சொல்வது?

அவனும் பாவாயியும் காட்டுக் குடிசையிலேயே இருந்துவிட்டார்கள். புத்தகம் கூரையில் செருகியபடி கிடந்தது. அவன் எடுக்கவில்லை; எடுக்கத் தேவையும் இல்லை, எல்லாம் மனப்பாடம். எலிக்கு அடுத்த பாட்டில் கிணறு வருகிறது. அந்த நகரத்துக் கிணறுகளில் பட்டப் பகலில் நட்சத்திரம் தெரிந்தது. படலத்திலேயே பெரிய பொய் அதுதான் என்று ஒரு காலத்தில் அவன் ரசித்துச் சிரித்ததுண்டு.

தினமும் உச்சிவேளையில், பாவாயி தண்ணீர் சேந்தப் போவதற்கு முன்னால், அவன் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பான்.

"என்னத்தைப் பாக்கறீங்க?"

"தண்ணியத்தான்" என்பான்.