வாட்டக்காரரின் கட்டைவிரல்

தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். குளியலறைத் தண்ணீர் தேங்காமல் வடிகாலுக்கு ஓட, தரையை லேசாகச் சரித்து ஒட்ட வேண்டும். அதற்கு வாட்டம் என்று பெயர். அந்த வாட்டத்துக்காக அவர் படுத்திய பாட்டில், கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வாட்டக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, குழந்தை நடை பழகுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வலது காலை மடக்கி, கட்டைவிரலை ஊன்றி உட்கார்ந்துதான் இத்தனை காலமும் ஒட்டினார். பாரமெல்லாம் சுமந்த அந்த விரல் இப்போது மடங்க மாட்டேன் என்றது. மூட்டின்மேல் பட்டாணி அளவுக்கு எலும்பு புடைத்திருந்தது. வலி பொறுக்காமல் மனைவியோடு டாக்டரிடம் போனார்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "மூட்டுக்கு நடுவுல இருக்கிற மெத்தை முழுசா தேஞ்சுடுச்சு. கொஞ்சமா தேஞ்சிருந்தா மேல வளர்ந்த எலும்பை மட்டும் செதுக்கி விட்டிருப்பேன். இப்ப செதுக்கினா மறுபடியும் வலிக்கும். செயற்கை மூட்டு வைக்கலாம், ஆனா நீங்க ஊன்றி உட்கார்ற பாரத்துக்கு அது தளர்ந்துடும். ரெண்டு எலும்பையும் சேர்த்து ஒட்டிடறதுதான் நல்லது. வலி போயிடும். விரல் மட்டும் அந்த இடத்துல மடங்காது."

ஒட்டுவது என்றதும் அவருக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. "இடைவெளி விடாம ஒட்டினா டைல்ஸ் வெயில்ல விரிஞ்சு தூக்கிடும் டாக்டர்."

"இது எலும்புங்க. திருகாணி போட்டு சேர்த்து வெச்சா, ரெண்டும் வளர்ந்து ஒண்ணாயிடும்."

யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டார். வீட்டில் மனைவியிடம், "செதுக்கவே சொல்லிடறேன். மடங்காத விரலோட எப்படி உட்கார்ந்து வேலை செய்யறது? இது போனா எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார்.

"மறுபடி வலிக்கும்னாரே, காதுல விழலையா? இப்பவே உங்க மூஞ்சியில இருக்கிற வாட்டத்துக்குத் தண்ணி விட்டா தாடை வழியா ஓடிடும்."

சொல்லிவிட்டு அவள் ஒரு தட்டையான குச்சியை அவர் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். "மடங்காத விரல் இதுதான். உட்காருங்க பார்ப்போம்."

அடுப்படித் தரையில் உட்காரப்போனவர் பக்கவாட்டில் சாய்ந்தார். அவள் வாய்க்குள்ளேயே சிரித்தாள். "ஏங்க, இன்னொரு காலும் இருக்குல்ல?"

வலது முட்டியைப் போட்டு, பாதத்தைப் பின்னால் நீட்டிக் கிடத்தினார். இடது காலை முன்னால் ஊன்றினார். கை நீட்டி, இல்லாத டைல்ஸை அழுத்தினார். அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் விழவில்லை. போட்டதுதான் போட்டோம் என்று, முட்டி போட்டபடியே ஆண்டவனுக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுபடி டாக்டரிடம் போனார். "ஒட்டிடுங்க டாக்டர்."

"சரி. விரலை நுனி லேசா தூக்கினாப்பல வைப்போம். அப்பதான் நடக்கும்போது இடிக்காது."

"வாட்டம் வெச்சுன்னு சொல்லுங்க," என்றார் அவர். அதுவரை இருந்த பயத்தில் பாதி அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டது.

எலும்பு கூடி வேலைக்குத் திரும்பியதும் முதலில் ஒட்டியது ஒரு சின்னக் குளியலறை. இடது கால் பழகாததால் மெதுவாகத்தான் ஒட்டினார். கடைசியில் குவளையைக் கவிழ்த்தார். தண்ணீர் மூலையில் கொஞ்சம் யோசித்தது. பிறகு வடிகாலுக்குப் போய்விட்டது.