வெயிலில் வைத்த பானை

துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டும் மந்திரமூர்த்திக்கு வரிசையில் காத்துக் கிடப்பதுதான் பாதி வேலை. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தால் போதும், கண்ணுக்குள் சாஸ்தா கோயில் காடு வந்துவிடும். தேரி என்னும் செம்மணல் மேட்டுக்கு நடுவே பச்சைப்பசேலென்று ஒரு காடு. தரையில் பிரண்டை, அதற்கு மேல் காரைச் செடியும் சூரைமுள்ளும், அவற்றைப் பிடித்து ஏறும் கொடிகள், எல்லாவற்றுக்கும் மேலே பாலை மரங்கள். பாலைப்பழத்தின் பிசின் உதட்டில் ஒட்டுவது போலக்கூட இருக்கும். பின்னால் நிற்பவன் ஹார்ன் அடித்தால்தான் மனுஷன் இந்த உலகத்துக்குத் திரும்புவான்.

“அண்ணாச்சிக்குத் தவம் கலைஞ்சிட்டா?” என்று கேலி பேசுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே கியரைப் போடுவான்.

அந்தக் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மரம் உண்டு. அதனடியில்தான் பொங்க வேண்டும், சாப்பிட்டு அங்கேயே கண்ணயர வேண்டும். மந்திரமூர்த்தி வீட்டுக்கு வாய்த்தது ஒரு பெரிய பாலை. வருஷா வருஷம் முந்தின நாளே போய், அடியில் முளைத்திருப்பதையெல்லாம் மண்வெட்டியால் செதுக்கி, வீட்டு வாசல் போலப் பெருக்கிவிடுவான். அந்தச் சுத்தத்தில் அவனுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

இந்த வருஷம் போய்ப் பார்த்தால் பாலை பட்டுப்போய் நின்றது. ஓர் இலை இல்லை. கன்றாவது இருக்கிறதா என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். வழித்துப் போட்ட தரையில் என்ன இருக்கும்?

பக்கத்திலேயே சித்தப்பா ராஜதுரை வீட்டாரின் நாவல் மரம். ஏதோ கல்யாணத்தில் மரியாதை குறைந்துவிட்டதென்று முறுக்கிக்கொண்டு போனவர்கள் பிறகு கோயில் பக்கமே வரவில்லை. மரத்தடி முழுக்கப் புதர் மண்டிக் கிடந்தது.

“அவுக இனி எங்க வரப் போறாவ? இதை வெட்டிட்டு இங்கனயே பொங்குவோம். நிழலாவது கெடைக்கும்” என்றாள் கூட வந்திருந்த மனைவி அனுசியா.

மந்திரமூர்த்தி அரிவாளால் சூரைமுள்ளை ஒரு கொத்து வெட்டி இழுத்தான். உள்ளே, காரைச் செடிக்கு அடியில், முழங்கால் உயரத்தில் ஒரு பாலைக் கன்று. விலக்கிப் பார்த்தால் இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னும் சில. அவன் மரத்துப் பழத்தைத் தின்ற பறவைகள் இங்கே வந்து எச்சமிட்டிருக்கின்றன. ஆடு வாய் வைக்காமல் முள் காத்திருக்கிறது, வெயில் தீய்க்காமல் காரை காத்திருக்கிறது.

கன்டெய்னர் அடுக்கில் அடிப்பெட்டியை உருவிவிட்டு மேல்பெட்டியை நிற்கச் சொல்வது போல, இத்தனை வருஷமும் மரத்தடியை வழித்துப் போட்டிருக்கிறோமே என்று அவனுக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷத்தில் கண்ணும் நிறைந்தது.

“வெட்டாம எதுக்கு நிக்கிதீய?”

“ஏளா, நம்ம மரத்துப் பிள்ளைக பூராவும் இங்கனதான் கெடக்கு.”

அவள் குனிந்து பார்த்தாள். முள்ளை விலக்கி ஒவ்வொரு கன்றாக எண்ணத் தொடங்கினாள்.

வெட்டிய முள்ளை எடுத்து அதே இடத்தில் அடைத்தான். மறுநாள் ஊரே நிழலில் இருக்க, புதருக்கு வெளியே கொதிக்கும் மணலில் அனுசியா பானையை ஏற்றினாள்.

“என்னவே, மரத்தடியிலதானே பொங்கணும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“மரத்தடிதான். மரம்தான் இன்னும் வளரணும்” என்றான் மந்திரமூர்த்தி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு.